காந்திபுரத்தில் வந்து இறங்குறவனுக்கு வீடு என்ன விலை?

சேலம் பஸ்ஸிலோ தருமபுரி பஸ்ஸிலோ விடியக்காலம் காந்திபுரத்தில் வந்து இறங்குற ஒரு தம்பியை நினைச்சுக்குங்க. சரவணம்பட்டியில் கம்பெனி வேலை, இல்லைன்னா கணபதி பக்கம் லேத் பட்டறை. நாலஞ்சு வருஷம் வாடகை கட்டிப் பார்த்துட்டு, "ஊர்ல இருக்குற காட்டை வித்தாவது இங்கயே ஒரு வீடு வாங்கிரலாமுங்க" என்று முடிவு பண்றான். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாட்டுக்கு புரோக்கர் 50 லட்சம் சொல்றார். வச்சுக்குவோம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். ஆக, கைக்காசு 10 லட்சம். முத்திரைத்தாள், பதிவுச் செலவை வங்கி அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. புது பிளாட்டுக்கு 50 லட்சம் வரை 4 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு: 3 லட்சம். இதுவும் கைக்காசு. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2.5 லட்சம். மொத்தம் 15.5 லட்சம், சாவி கைக்கு வருவதற்கு முன்னாடியே! வீட்டுக்கு ஒரு ஃபேன் கூட இன்னும் மாட்டலைங்க.

இதில் ஒன்றிய அரசு பண்ணுற வேடிக்கையைக் கேளுங்க. 2019 ஏப்ரலில், 'மலிவு விலை வீடு' என்றால் 1 சதவீத வரி மட்டும்தான் என்றார்கள். கோவை மாதிரி ஊர்களில் கார்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருக்கணும். சிமென்ட் ஏறிருச்சு, கம்பி ஏறிருச்சு, கொத்தனார் கூலி ஏறிருச்சு. அந்த 45 லட்சம் மட்டும் அசையவே இல்லை! 45 லட்சம் வீட்டுக்கு வரி 45 ஆயிரம். 46 லட்சம் ஆனால் 2 லட்சத்து 30 ஆயிரம். விலை ஒரு லட்சம் ஏறினதுக்கு வரி 1 லட்சத்து 85 ஆயிரம் ஏறுது. இது வரியா, வழிப்பறியா?

மாநிலத்தில் ஆண்டவர்களும் ஆள்பவர்களும் யோக்கியமா? 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தோம் என்று ஒரு கையில் கொடுத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கி மறு கையில் பிடுங்கினார்கள். 2023-ல் கட்டணத்தை 2 ஆக்கினோம் என்று மேடையில் பேசிவிட்டு, வழிகாட்டி மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றினார்கள். பழைய வீடு வாங்கினால் இன்னும் 7-ம் 2-ம் சேர்ந்து 9 சதவீதம். பெண்கள் பேரில் பதிந்தால் 1 சதவீதம் சலுகையாம், ஆனால் 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தானாம். மிச்சம் அதிகபட்சம் பத்தாயிரம். 10 லட்சத்துக்கு வீடு வேணும்னா காந்திபுரத்திலிருந்து எத்தனை பஸ் மாறணுமுங்க?

அப்புறம் தவணை. 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். மாசம் சுமார் 34,700 ரூபாய். திருப்பிக் கட்டுவது மொத்தம் 83 லட்சத்துக்கு மேல். முதல் வருஷ வட்டி மட்டும் 3.3 லட்சம் தாண்டும். பழைய வருமான வரி முறையில் அதில் 2 லட்சம் கழிவு உண்டு. அந்த 2 லட்சமும் 2014-ல் வைத்த வரம்பு! புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவே கிடையாது. புதிய முறையைத்தான் எல்லோர் தலையிலும் இயல்பாகக் கட்டிவிட்டார்கள்.

45 லட்சம் வரம்பை இன்றைய விலைக்கு உயர்த்து. முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரைக் கட்டணத்தைப் பாதியாக்கு. வட்டிக் கழிவை இரண்டு வரி முறையிலும் கொடு. இதைத்தான் கேட்கிறோம், யாரிடமும் பிச்சை கேட்கவில்லை.

அதுவரைக்கும் நம்ம தோழர்கள் ஜாக்கிரதையா இருங்க. நிறைவுச் சான்றிதழ் வாங்கின பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதைக் கேட்டுப் பாருங்க. ரெரா பதிவு எண்ணைச் சரிபாருங்க, வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க. "இன்னைக்கே அட்வான்ஸ் கொடுங்க, நாளைக்கு ரேட் ஏறிரும்" என்று எவராவது அவசரப்படுத்தினால், "வூட்டுல கேட்டுச் சொல்றனுங்க" என்று எழுந்து வந்துருங்க.

#கோவை #காந்திபுரம் #முதல்வீட்டுக்குவரிக்குறைப்பு