காசு கொடுத்து ஆளைக் கூப்பிட்ட ஆல்ப்ஸ் கிராமம்... 10 வருஷத்தில் 24 ஆயிரம் பேரை இழந்த வால்பாறை! என்ன காரணம்?

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் அல்பினென் என்று ஒரு குட்டி கிராமம். உயரம் சுமார் 4,200 அடி. மக்கள் தொகை 240 சொச்சம்தான். இளைஞர்கள் வேலை தேடிக் கீழே இறங்க, பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. 2017-ல் ஊர் மக்களே ஓட்டுப் போட்டு ஒரு முடிவெடுத்தார்கள். இங்கே வந்து குடியேறினால் பெரியவர்களுக்குத் தலா 25,000 பிராங்க், குழந்தைகளுக்குத் தலா 10,000 பிராங்க்! செய்தி உலகம் முழுக்க வைரலானது.

சரி, நம்ம கோவை மாவட்டத்துக்கு வருவோம். ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறை. 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இங்கே சுமார் 95 ஆயிரம் பேர். 2011-ல் சுமார் 71 ஆயிரம். அதாவது, நாலில் ஒருத்தர் காணோம். இத்தனைக்கும் அதே பத்து வருஷத்தில் தமிழ்நாட்டின் மக்கள் தொகை 15 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது.

எங்கே போனார்கள்?

90-களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. தென்னிந்தியத் தேயிலையை அதிகம் வாங்கிய சோவியத் யூனியன் அதற்கு முன்பே உடைந்திருந்தது. மலையில் கூலி இழுபறியாக இருக்க, கீழே திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோவை மில்களும் ஆள் தேடின. குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள்.

ஆனால் கூலி மட்டும்தான் காரணம் என்றால், டூரிஸ்ட் கூட்டம் குவியும் ஊரில் வேறு தொழில் பார்த்துக்கொண்டு தங்கியிருக்கலாமே? அங்கேதான் மேட்டரே இருக்கிறது.

வேலை போனால் வீடும் போச்சு

வால்பாறையைச் சுற்றி ஆனைமலை புலிகள் காப்பகம். நடுவில் எஸ்டேட்கள். மிச்சம் இருப்பது சின்ன டவுன்தான். தோட்டத் தொழிலாளர்கள் இருப்பது கம்பெனிக்குச் சொந்தமான லைன் வீடுகளில். நிர்வாகம் வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு பிடித்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. ரிட்டயர் ஆனால் பி.எஃப். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மகனோ மருமகளோ கொழுந்து பறிக்கப் போக வேண்டும். வால்பாறையிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. டிகிரி முடித்த பிள்ளை எஸ்டேட் வேலைக்கா போகும்?

மூணு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சென்ட்கூட சொந்தமில்லை. பாலாவின் 'பரதேசி' (2013) நினைவிருக்கும். அந்தப் படத்துக்கு அடிப்படையான, பி.எச்.டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலின் களம் இந்த ஆனைமலைத் தோட்டங்கள்தான். அந்தக் காலத்தில் மலையை விட்டு இறங்க விடவில்லை. இப்போது தங்க இடமில்லை.

அல்பினென் கிராமத்தின் நிபந்தனை என்ன தெரியுமா? 45 வயதுக்குள் இருக்கணும், 10 வருஷம் தங்கணும், முக்கியமாக அங்கே சொந்த வீடு கட்டணும் இல்லைன்னா வாங்கணும். வால்பாறை எஸ்டேட் தொழிலாளிக்கு இதில் கடைசி நிபந்தனைக்கு வழியே கிடையாது.

காலி வீடுகளில் யார்?

தேயிலை பறிக்க ஆள் வேண்டுமே! ஜார்க்கண்ட், அசாம் எனப் பல மாநிலங்களில் இருந்து தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் விட்டுப்போன லைன் வீடுகள்தான் இவர்களுக்கும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டியே காடு என்பதால் ஆபத்தும் அதிகம். 2025 ஜூனில் சிறுத்தை தூக்கிச் சென்று உயிரிழந்த சிறுமி, ஜார்க்கண்டில் இருந்து வந்த தொழிலாளியின் மகள்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால், 2011-க்குப் பிறகு புது எண்ணிக்கையே இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ மத்திய அரசு தேதியாக அறிவித்திருக்கிறது. அதில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் வால்பாறைக் கணக்கில்தான் வருவார்கள். அதனால் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தாலும், இறங்கிப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.