சரீர சுகம்: ஈரலின் இரத்தக்குழாய் அடைபட்டால்...



சபையில் ஒரு வாலிபனுக்கு வயிறு வீங்கினால், "இரகசியமாய்க் குடிக்கிறான் போலும்" என்ற முணுமுணுப்பு எழும்புகிறது. பிரசவித்த தாய்க்கு வயிறு வற்றாமல் பெருத்துக்கொண்டே போனால், "வெறும் வாயு" என்று ஓமத்தண்ணீர் கொடுக்கிறோம். இரண்டு எண்ணமும் தவறாயிருக்கக்கூடும். மதுவைத் தொட்டறியாதவருக்கும் வயிற்றில் நீர் கோக்கச்செய்யும் வியாதி ஒன்று உண்டு.

நோய் என்ன?

கல்லீரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்ல மூன்று பெரிய சிரைகள் உள்ளன. அவை இருதயத்துக்குச் சற்றுக் கீழே பெருஞ்சிரையில் சேருகின்றன. இந்த வழி அடைபட்டால், வடிகால் அடைத்த வீட்டைப்போல இரத்தம் ஈரலிலேயே தேங்குகிறது. ஈரல் வீங்குகிறது, கசியும் நீர் வயிற்றை நிரப்புகிறது. 1845-ல் ஜார்ஜ் பட் என்ற ஆங்கிலேய வைத்தியரும், 1899-ல் ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய வைத்தியரும் விவரித்தபடியால், இது 'பட்-கியாரி நோய்' எனப்படுகிறது. இது அரிய நோயே. ஆனால் இளவயதினரையும் தாக்கும்.

காரணங்கள்

பெரும்பாலும் இரத்தம் தேவையின்றி உறைவதே காரணம். எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை மிகுதியாய் உண்டாக்கும் நோய், உறைதலைத் தடுக்கும் புரதங்களின் பிறவிக் குறைவு, கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பின்வரும் வாரங்கள், சிலவகைக் கருத்தடை மாத்திரைகள் ஆகியவை உறைதலைத் தூண்டும். பெருஞ்சிரையில் சவ்வுபோன்ற தடை உண்டாவதும் நம் தேசத்தில் காணப்படுகிறது. கட்டியோ சீழ்க்கட்டியோ சிரையை அழுத்துவதும் உண்டு.

அடையாளங்கள்

வலது விலாவின்கீழ் வலி, வயிற்று வீக்கம், கால் வீக்கம், வயிற்றிலும் முதுகிலும் புடைத்த நரம்புகள் ஆகியவை முக்கியமானவை. இரத்த வாந்தி, கருநிற மலம், மஞ்சள் காமாலை, மனக்குழப்பம் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. டாப்ளர் ஸ்கேன் என்னும் வலியில்லாப் பரிசோதனையே பெரும்பாலும் அடைப்பைக் காட்டிவிடும்.

சிகிச்சை

முதலாவது, இரத்தம் உறையாதிருக்க மருந்து. நீர் வடிய மாத்திரை. உணவில் உப்புக் குறைப்பு. அடைப்பு குறுகியதாயிருந்தால் பலூனால் விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். அது போதாவிடில் ஈரலுக்குள்ளேயே இரத்தத்துக்கு மாற்றுவழி அமைப்பார்கள். ஈரல் முற்றும் பழுதானால் மாற்று ஈரல் பொருத்துவதே வழி. உறைதலுக்கான மூலகாரணத்தையும் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யவேண்டும்.

ஜெபமும் மாத்திரையும்

இங்கேதான் அன்போடு ஓர் எச்சரிப்பு. நீர் வற்றி, வலி நீங்கியவுடன், "கர்த்தர் சுகம் தந்தார், இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு இம்மருந்து ஆயுள் முழுவதும் தேவை. நிறுத்தினால் இரத்தம் மீண்டும் உறைந்து, திறந்த வழியும் அடைபடலாம். வார்ஃபரின் உட்கொள்ளுகிறவர்கள் குறித்த நாளில் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் விலக்கியும் உண்ணாமல், ஒரே அளவாய் உண்ணவேண்டும். வலி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கக்கூடாது. கர்ப்பம் தரிக்க விரும்பும் சகோதரிகள் முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லவேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். உபவாச நாட்களிலும் வேளை தவறலாகாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டையும் மறவாமல் எடுத்துச்செல்லுங்கள்.

எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டப்பட்டபோதும், அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடும்படி ஏசாயா சொன்னாரே! வாக்குத்தத்தம் பண்ணினவர் மருந்தை அற்பமாய் எண்ணவில்லை. ஆகையால், பிரியமானவர்களே, வீங்கிய வயிற்றைக் கண்டு நியாயந்தீர்ப்பதை விட்டு, அந்தச் சகோதரனுக்காக ஜெபியுங்கள். அவன் கைப்பிடித்து மருத்துவமனைக்கும் அழைத்துச்செல்லுங்கள். கர்த்தர் உங்கள் இல்லங்களைச் சுகத்தோடு காப்பாராக. ஆமென்.