குறையை நிரூபிப்பது யார் வேலை?

திருத்தணிக்காரர் ஒருவர் கார் எடுக்கத் திருப்பதிக்கும் போகலாம், சென்னைக்கும் போகலாம். வண்டி மக்கர் செய்தால் வழக்கை எங்கே போடுவது? 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி பெரும்பாலும் விற்றவர் இருக்கும் ஊருக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. ஆந்திராவில் வாங்கியவருக்கு மாநிலம் தாண்டிய அலைச்சல். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. இப்போது அவர் தாம் வசிக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சொந்தமாக டூரிஸ்ட் கார் ஓட்டிப் பிழைப்பவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. எல்லையோர ஊருக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆணையத்தின் படியேறிய பிறகு அவர் தூக்க வேண்டிய சுமை குறையவில்லை.

புதுக் காரின் கியர்பாக்ஸ் நான்காவது முறையாக சர்வீஸ் சென்டருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உற்பத்தியிலேயே வந்த கோளாறு என்று காட்ட வேண்டியவர் வாங்கியவர்தான். ஆணையம் வண்டியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் அவரே கட்ட வேண்டும். கோளாறு நிரூபணமானாலும் புது வண்டி கிடைத்துவிடாது. வாரண்டியின்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் கடமை, காரையே மாற்றுவதல்ல என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தின் ‘பொருள் பொறுப்பு’ அத்தியாயமும் இங்கே கைகொடுக்காது. அது மனிதருக்கும் பிற உடைமைக்கும் நேர்ந்த தீங்கைப் பற்றியது. பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. 2021 ஏப்ரல் முதல் அரசு வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடலாம், நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு மாடல் முழுவதும் பரவிய கோளாறுக்கானது. ஒரேயொரு கெட்ட வண்டி வாய்த்தவருக்கு அதனால் என்ன பயன்?

நிரூபிக்கும் சுமையை இடம்மாற்றுவதே தீர்வு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், வண்டியை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது; இல்லையென்று காட்டுவது விற்றவர் வேலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே கணக்கு வகுத்துவிட்டது: ஒரே பழுதுக்கு நான்கு முறை முயன்றும் சரியாகவில்லை என்றாலோ, வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்தாலோ, நிறுவனத்துக்குப் போதிய வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், மோதலின் விசையைக் கணக்கிட வாங்கியவர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று கூறி, மாற்று வண்டி தரச் சொன்ன தீர்ப்பை 2022 ஏப்ரலில் உறுதிசெய்தது. ஏர்பேக்குக்குப் பொருந்தும் நியாயம் கியர்பாக்ஸுக்கு மட்டும் ஏன் பொருந்தக் கூடாது?

கண்டபடி ஓட்டிவிட்டு, சர்வீஸே விடாமல், கம்பெனி மேல் பழி போடுவார்கள் என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அனுமானம் என்பது தீர்ப்பல்ல, ஆதாரம் காட்டி அதை உடைக்கலாம். அந்த ஆதாரமும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது: என்ஜின் கணினியின் பதிவுகள், சர்வீஸ் வரலாறு, பாகங்களின் தொகுதி எண் எல்லாம். வாங்கியவரிடம் இருப்பது பில்லும் ஜாப் கார்டும். விலை ஏறிவிடும் என்பது இன்னொரு வாதம். ஏறட்டுமே, ஒரு குடும்பம் தவணை கட்டித் தனியாகச் சுமக்கும் நஷ்டம் ஆயிரம் வண்டிகளின் விலையில் பங்கிடப்படுவது எவ்வளவோ மேல். டீலரின் மோசடிக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க வேண்டுமானால் அவருக்கு அது தெரிந்திருந்ததைக் காட்ட வேண்டும் என்று டாடா மோட்டார்ஸ் வழக்கில் 2021-இல் தீர்ப்பு வந்தது. அது விற்பனையில் நடந்த தில்லுமுல்லு பற்றியது. ஆலையில் பிறந்த கோளாறுக்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

சட்டம் திருந்தும்வரை ஜாப் கார்டுதான் துணை. ‘பொதுப் பரிசோதனை’ என்று எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாமல், என்ன புகார், எத்தனையாவது முறை, வண்டி எத்தனை நாள் நின்றது என்பதை எழுதச் சொல்ல வேண்டும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு. ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்’ என்ற பேச்சிலேயே அதில் பாதி கரைந்துவிடும்.