சமதரை என்றொரு சாட்டு

"ஒல்லாந்தில் சின்னப்பிள்ளை முதல் கிழவி வரை சைக்கிள் ஓடுகிறார்கள் என்றால் அதிலென்ன அதிசயம்? அங்கே தரை மேசைபோலச் சமம்." இவ்வாக்கியத்தை எத்தனை வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. வீதி அமைப்போர் சொல்வர். மேடையில் அரசியல்வாதிகள் சொல்வர். கடைசியாகச் சொன்னவர் என் மைத்துனர். முப்பத்தைந்து வருடங்களாக அந்த நாட்டிலேயே வாழ்பவர். மழையிலும் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வருபவர். ஊருக்கு விடுமுறையில் வந்தால் மாத்திரம் வாசலில் குளிரூட்டிய வான் நிற்கவேண்டும். ஏன் என்று கேட்டேன். "அத்தான், அங்கத்தைத் தரை வேறை" என்றார்.

தரை வேறல்ல. இதை எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டு. அவருடைய தரையிலும் நான் சைக்கிள் ஓடியிருக்கிறேன்.

ரொட்டர்டாமுக்குக் கிழக்கே கிண்டர்டைக் என்றோர் ஊர். நீரிறைக்கும் 19 காற்றாலைகள் நிற்பதால் 1997இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். சுற்றுலாப் பயணிகள் காற்றாலைகளுக்கு முன்னால் படமெடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். மைத்துனரும் நானும் அங்கிருந்து லெக் ஆற்றின் அணைக்கரை வழியாகக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஸ்கூன்ஹோவன் என்ற வெள்ளி வேலைக்குப் பெயர்போன பட்டினம்வரை சுமார் 20 கிலோமீற்றர். மோட்டார் வண்டியில் போனால் அரைமணி நேரமும் ஆகாது. நாங்கள் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டோம், அதற்காக வெட்கப்படவில்லை.

அணைக்கரையின் மேல் சைக்கிளில் போகும்போதுதான் அந்த நாடு விளங்குகிறது. ஒரு புறம் ஆறு. அதில் மணலும் கொள்கலன்களும் ஏற்றிய கப்பல்கள் நமது தோள் மட்டத்தில் போகின்றன. மறுபுறம் தாழ்ந்த புல்வெளி. அங்குள்ள வீடுகளின் ஓட்டுக் கூரைகளை நாம் குனிந்து பார்க்கிறோம். ஆறு மேலே, ஊர் கீழே. பொல்டர் என்று அவர்கள் அழைக்கும் இந்நிலங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நீரை இறைத்து இறைத்துக் காப்பாற்றப்பட்டவை. புல்வெளிகளுக்கு நடுவே கயிறு பிடித்தாற்போல் நேரான வாய்க்கால்கள், பசுக்கள், குருத் அம்மர்ஸ் என்ற ஊரருகே பெருநாரைகள். அந்நாட்டில் ஏறத்தாழ அற்றுப்போயிருந்த அந்த நாரையினத்தை 1969 முதல் வளர்த்துப் பெருக்கிப் பறக்கவிட்டது அவ்வூரில்தான்.

வழி கேட்க வேண்டியதில்லை. சந்திக்குச் சந்தி ஓர் இலக்கம் எழுதிய பலகை நிற்கிறது. போகவேண்டிய சந்திகளின் இலக்கங்களைக் காலையில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கைபிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். இம்முறை முதலில் தோன்றியது அயல்நாடான பெல்ஜியத்தில், 1995இல். நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றிய ஒரு பொறியியலாளர், சுரங்கப் பாதைகளுக்கு இலக்கமிட்ட முறையைத் தரைக்கு மேலே கொண்டுவந்தார். பலகையும் கம்பமும்தான் செலவு. கோடிகள் இல்லாமல் எதுவும் நடவாது என்போர் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

தரை சமமா? ஆம். ஐரோப்பாவிலுள்ள ஒல்லாந்து நிலத்தின் அதியுயர் புள்ளி 322 மீற்றர்தான். அதுவும் தெற்கே ஒரு மூலையில். ஆனால் அந்தச் சமதரையில் தடுப்பாரின்றி வீசும் எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் உழக்கிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். எதிர்க்காற்றிலே சைக்கிள் ஓடுவதற்கென்றே ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள் அந்நாட்டவர். இனி நமது தரைக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்று எதைக் காட்டுவது? கீரிமலையைக் காட்டலாம், பெயரில் மாத்திரம் மலை. வன்னியின் வயல்வெளியிலும் மட்டக்களப்பு வாவிக் கரையிலும் எந்த ஏற்றம் சைக்கிள்காரனை மறிக்கிறது? சமதரைதான் காரணமென்றால் நாமல்லவா உலகத்துக்கே சைக்கிள் ஓடக் கற்பித்திருக்க வேண்டும்!

என் வழக்கு இதுதான். 1971இலும் ஒல்லாந்து சமதரையாகவே இருந்தது. அந்த ஒரே ஆண்டில் அதன் வீதிகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். போருக்குப் பிந்திய செல்வச் செழிப்பில் எல்லோரும் கார் வாங்கினர். காருக்கு வழிவிடப் பழைய தெருக்கள் அகட்டப்பட்டன. சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. இன்று நாம் செய்வதை அன்று அவர்கள் செய்தார்கள்.

அதை மாற்றத் தொடங்கியவர்களுள் ஒருவர் பத்திரிகையாளர். விக் லாங்கன்ஹொஃப் என்பது அவர் பெயர். வீதியில் தன் குழந்தையைப் பறிகொடுத்த அவர், 1972இல் 'டெ டைட்' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. விபத்து என்று எழுதவில்லை. துரதிர்ஷ்டம் என்று எழுதவில்லை. கொலை என்று எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. இளம் தாய்மார் தெருக்களை மறித்து நடுத்தெருவில் மேசை போட்டு உணவு பரிமாறினர். பிள்ளைகளை அங்கே விளையாடவிட்டனர். விபத்து நடந்த சந்திகளைச் சைக்கிள்களோடு சென்று மறித்தனர். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடைசெய்தது. நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் உலாவினர். 1975இல் சைக்கிளோட்டிகளின் சங்கம் அமைந்தது. மைத்துனரும் நானும் அனுபவித்த அந்த நிதானமான பகற்பொழுது ஆறும் காற்றும் தந்த கொடையன்று. சண்டை போட்டுப் பெறப்பட்டது.

இன்று அந்த நாட்டில் ஆண்டுக்கு 700 பேர் அளவில் வீதியில் இறக்கிறார்கள். சனத்தொகையோ அன்றைய 1.3 கோடியிலிருந்து 1.8 கோடியாகப் பெருகியிருக்கிறது. இறப்போரில் சைக்கிளோட்டிகளே அதிகம் என்பதையும் மறைக்கக்கூடாது. மின்சைக்கிள் ஓடும் முதியவர்கள் பலர் அவர்களுள் அடக்கம். சொர்க்கம் எங்கும் இல்லை. 2.2 கோடிப் பேர் வாழும் நம் இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதியில் மடிகின்றனர்.

நாங்கள் அதை எப்படி எழுதினோம்? இதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 'துவிச்சக்கரவண்டியில் சென்ற மாணவன் வான் மோதிப் பலி'. இந்தத் தலைப்பை என் கையாலேயே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! மூன்றாம் பக்கத்தில் நாலு வரி. ஊர், வயது, பாடசாலை, 'பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்'. அச்சுக்கோத்த காலத்தில் பெயரையும் வயதையும் மாத்திரம் மாற்றினால் போதுமாயிருந்தது. கணினி வந்தபின் அந்த வேலை இன்னும் இலகுவாயிற்று. ஒருநாள் காலை, அச்செய்தியிலிருந்த பையனின் தகப்பனார் அலுவலக வாசலுக்கு வந்தார். பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தம் போடவேண்டுமென்று கேட்டார். போட்டோம். ஒரு வரி. மகன் வழமையாகப் போகும் அந்த ஒழுங்கை பிரதான வீதியில் ஏறுமிடத்தில் வேகத்தடை ஒன்று இல்லை என்பதையும் அவர் சொன்னார். அதை நான் எழுதவில்லை. போர்க்காலம், எழுதுவதற்குப் பெரிய சாவுகள் இருந்தன. லாங்கன்ஹொஃப் பற்றிப் பல வருடங்கள் கழித்து அறிந்தபோது எனக்கு நினைவில் வந்தவர் அந்தத் தகப்பனார்தான்.

பத்திரிகையில் துவிச்சக்கரவண்டி என்று எழுதுவோம், வீட்டில் சைக்கிள் என்போம். வட்டாரத்துக்கு ஒரு பெயர், காலத்துக்கு ஒரு பெயர். ஆனால் அந்த வண்டி நமக்குச் செய்த ஊழியம் ஒன்றல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாதபோது யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள். நெல்மூட்டை, விறகு, நோயாளி, கர்ப்பிணி, பிரேதப் பெட்டி எல்லாம் அதில் போயின. மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, தென்மராட்சியை நோக்கி நகர்ந்த சனக்கூட்டத்தில் கரியரில் அரிசியும் பாரில் குழந்தையுமாக எத்தனை ஆயிரம் சைக்கிள்கள் உருட்டப்பட்டன!

இங்கேதான் நோயின் வேர் இருக்கிறதென நினைக்கிறேன். சைக்கிளை நாம் மறக்கவில்லை. அது நினைவூட்டுவதை மறக்க விரும்புகிறோம். போர் ஓய்ந்து ஏ9 வீதி கார்ப்பெற் போட்டு வழுக்கத் தொடங்கியதும் முதலில் கைவிட்டது சைக்கிளைத்தான். மோட்டார் சைக்கிள் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் இல்லை என்றாயிற்று. 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்றபோது நாடே மீண்டும் சைக்கிளைத் தேடிற்று, கடைகளில் விலை ஏறிற்று. எரிபொருள் வந்ததும் அவை மறுபடி கொட்டிலுக்குப் போயின. அந்த மாதங்களில் ஓர் உள்ளூராட்சிச் சபையாவது ஒரு வீதியில் வெள்ளைக்கோடு கீறி 'இது சைக்கிளுக்கு' என்று எழுதிவைத்ததை நான் காணவில்லை. ஒல்லாந்தர் எண்ணெய் நெருக்கடியில் ஒரு பாடம் படித்தனர். நாம் நெருக்கடி முடியக் காத்திருந்தோம்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். மூன்று வாரத்துக்கு வருகிறீர்கள். வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே நாளில் ஐந்து கோயில், இரண்டு கலியாணவீடு, ஒரு கடற்கரை. பிள்ளைகள் தலைகுனிந்து தொலைபேசி பார்க்கிறார்கள். பிறகு "பிள்ளையளுக்கு ஊரிலை ஒட்டுதல் இல்லை" என்று கவலைப்படுகிறீர்கள். எண்பது கிலோமீற்றர் வேகத்தில் எந்தப் பிள்ளைக்கு எந்த மண்ணில் ஒட்டுதல் வரும்? டானியூப் கரையில் பசாவ்விலிருந்து வியன்னாவரை ஒரு வாரம் குடும்பத்தோடு சைக்கிள் ஓடியதைப் படம்படமாக அனுப்புகிறீர்களே, அதில் பாதித் தூரத்தை இங்கே ஓட ஏன் மனம் வருவதில்லை?

இடமா இல்லை? கனகராயன் ஆறு வந்து நிறையும் இரணைமடு. அதன் வலதுகரை இடதுகரை வாய்க்கால்களை ஒட்டி வயலுக்குள் நீளும் பாதைகள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்துக் கொண்டுவந்து நிரப்பும் மன்னார்க் கட்டுக்கரைக்குளம். அதற்கப்பால் பூநாரைகள் இறங்கும் வங்காலைச் சரணாலயம். 2010 முதல் ராம்சார் ஈரநிலம் அது. குளக்கட்டில் ஏறினால் ஒருபுறம் நீர், மறுபுறம் தாழ்ந்த வயல். ஆம், அந்த லெக் ஆற்று அணைக்கரையின் அதே அமைப்பு! நம் முன்னோர் நீரை உள்ளே நிறுத்தக் கட்டினர், அவர்கள் வெளியே நிறுத்தக் கட்டினர், வித்தியாசம் அவ்வளவே. நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்று தம்மூர்ப் பெயரைச் சூட்டிவிட்டுப் போன அதே ஒல்லாந்தரிடமிருந்து நாம் இரவல் வாங்கவேண்டியது கட்டையோ கல்லையோ அல்ல, அந்த இலக்கப் பலகையைத்தான்.

வெயிலைச் சொல்வீர்கள். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஆறரை. நமது விவசாயி தன் நாளை அப்படித்தான் வகுத்திருக்கிறான். யானையைச் சொல்வீர்கள். அது மெய்யான பேச்சு. காட்டோரப் பாதைகளில் அந்தி சாய்ந்தபின் போகக்கூடாது. ஆனால் மணல் ஏற்றிய டிப்பர் வாகனம் யானையைவிடப் பயங்கரமானது. அது நேரங்காலம் பார்ப்பதில்லை.

சுற்றுலா விடுதிக்காரருக்காக நான் இதைக் கேட்கவில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். இறுகிய உடையும் தலைக்கவசமும் அணிந்து நேரக்கணக்குப் பார்த்துப் பறப்போருக்காகவும் கேட்கவில்லை. அந்த இனத்தாரால் லெக் கரைவாசிகளே சலிப்படைந்திருக்கிறார்கள். குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் உழவு இயந்திரம் தவிர்ந்த மோட்டார் வண்டிகளைத் தடுத்தால், ரியூசனுக்குப் போகும் பிள்ளையும் சந்தைக்குப் போகும் கிழவரும் முதலில் பயனடைவர். ஒழுங்கை பெருவீதியில் ஏறும் இடமெங்கும் வேகத்தடை. வழியில் மருத மரநிழல். சந்திக்கு ஒரு பலகை. மாகாண சபையும் பிரதேச சபையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் ஒரு மேசையில் இருந்தால் ஓராண்டு வேலை. அந்த மேசையைத் தேடித்தான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பதில்கள், இரண்டிலும் 'உரிய கவனத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது'.

மைத்துனர் வருகிற ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாராம். கொட்டிலில் கிடந்த இரண்டு லுமாலாக்களையும் எடுத்து ரயர் மாற்றி எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். பரந்தன்வரை ரயிலில் போய் அங்கிருந்து இரணைமடுக் கட்டுக்கு உழக்குவது என்பது என் திட்டம். தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார். வானை வேண்டாமென்று இன்னும் அவர் சொல்லவில்லை.