பதினோரு ஆண்டு, நாற்பது ஆண்டு

ஆசிரியருக்கு,

வெளிநாடுகளில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற நம்மவர்கள் குடிமக்களாவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போகிறேன். அதனால் இதை எழுதத் தோன்றியது.

நம் 1955 குடியுரிமைச் சட்டத்திலும் அந்த வழி உண்டு. விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் தொடர்ந்து இங்கே இருக்க வேண்டும்; அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டு. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். தமிழும் அதில் ஒன்றுதானே!

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள் நாற்பது ஆண்டைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. 2003 திருத்தம் அவருக்கு இந்த வழியை அடைத்துவிட்டது. உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவர் விசா வாங்கிக்கொண்டா வருவார்? சில அண்டை நாட்டவருக்கு விலக்கு தந்த 2019 திருத்தத்திலும் இலங்கை இல்லை. 2004 டிசம்பருக்குப் பின் இங்கேயே பிறந்த பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவர் அப்படி வந்தவரென்றால் பிறப்புரிமை கிடையாது.

பக்கத்திலுள்ள ராமேசுவரம் கரையில்தான், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து குடிமக்களாக இறங்கினார்கள். கடல் ஒன்றுதான், கையில் இருந்த காகிதம்தான் வேறு.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்களித்தது. நல்லது. அந்தப் பதிவையே சட்டபூர்வ வசிப்பாகக் கொண்டு விண்ணப்பங்களை வாங்க என்ன தடை?

ஒரு வாசகர்,
மண்டபம்