பாட்டும் பீனல் கோடும்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வேதாரணியத்தை நோக்கி நடந்து வந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களைத் தடுக்கத் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் தார்ன் துரை கையாண்ட உபாயத்தை நமது வாசகர்கள் அறிவர். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ அளிப்பவர் எவராயினும் இந்தியன் பீனல் கோடு 157-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைவாசம் அனுபவிக்க நேரிடும் என்று அவர் ஜில்லா முழுதும் அறிவிக்கச் செய்தார். தை அறுவடை முடிந்து களஞ்சியங்களில் நெல் கிடந்த காலம் அது. வழிப்போக்கருக்கு அன்னமிடுவதற்கென்றே மராட்டிய மன்னர்கள் சாலைதோறும் சத்திரம் கட்டி மானியம் விட்ட ஜில்லா அது. அங்கே, பசித்து வந்தவனுக்குச் சோறிடுவது குற்றமாயிற்று! தடியடியைக் காட்டிலும் தந்திரமான அடக்குமுறை இதுவென்றே நாம் கருதுகிறோம். நடப்பவனைத் தொடாமல், அவனுக்குக் கதவு திறப்பவனை அச்சுறுத்துவது அதன் நோக்கம்.

ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சியில் டாக்டர் ராஜன் இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய நூறு பேர். ஏறத்தாழ 150 மைல் தூரம் அவர்கள் நடக்க வேண்டியிருந்தது. மேட்டூர் அணை எழாத அந்நாளில், சித்திரை வெயிலில் காவிரிப் படுகையின் ஆறுகள் மணலாய்க் கிடக்கும். வயல்களில் தாளடிக் கட்டைதான். அந்தப் பாதையில் அவர்கள் பாடிச் சென்றது, நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்கென்றே இயற்றிக் கொடுத்த பாட்டு.

அப்பாட்டை இன்று பள்ளிச் சிறுவர்களும் அறிவார்கள். ஆதலின் அதன் அடிகளை இங்கே எடுத்து எழுத வேண்டுவதில்லை. ஆனால் அதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். கால் நடைக்கு ஏற்ற சந்தம். வித்துவான் வேண்டாதபடி எவரும் ஒருமுறை கேட்டுத் திருப்பிப் பாடக்கூடிய மெட்டு. வாளும் குருதியும் இல்லாத புதுவகைப் போர் ஒன்று வருகிறது என்று அது சொல்கிறது. எவரையும் வைவதில்லை, சபிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தியத்தில் நம்பிக்கையுள்ளோர் யாவரும் வந்து சேரலாம் என்று கேட்போரை அழைக்கிறது. கலெக்டரின் உத்தரவு கிராமத்தானைப் பார்த்து, "நீ ஒதுங்கி நில்" என்றது. பாட்டோ, "உனக்கும் இதில் இடமுண்டு" என்றது. கூட நடக்க இயலாதவன் சோறு கட்டிக் கொடுத்தால் அவனும் படையில் சேர்ந்தவனே.

அப்படித்தான் நடந்தது. சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்கள் தொங்கின. மரத்தின் மேல் 157-ஆவது பிரிவு பாயாதன்றோ! ஒளிக்காமல் வெளிப்படையாகவே உபசரித்தவர்களும் உண்டு. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அவ்விதம் செய்து சிறை சென்றார். ஏப்ரல் 27-இல் இந்திய சர்க்கார் பத்திரிகைகளை ஒடுக்க அவசரச் சட்டம் பிறப்பித்தது. மறுநாளே தொண்டர்கள் வேதாரணியம் சேர்ந்தனர். பத்திரிகைக்கு ஜாமீன் தொகை கேட்கலாம். அச்சுக்கூடத்துக்குப் பூட்டுப் போடலாம். வாயிலிருந்து வாய்க்குப் போகும் பாட்டிடம் எந்த ஜாமீனைக் கேட்பது? 30-ந் தேதி உப்பெடுத்த ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. கவிஞரும் 1932-இல் சிறை புகுந்தார்.

அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு, 1928-இல், சென்னை சர்க்கார் பாரதியாரின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து அதைக் கண்டித்ததும் மறக்கத்தக்கவை அல்ல. 1949-இல் காட்சி தலைகீழாயிற்று. பாரதி நூல்களின் உரிமையைச் சர்க்காரே வாங்கிற்று. இராமலிங்கம் பிள்ளை அரசவைக் கவிஞரானார். இவை தகுந்த மரியாதைகளே. ஆயினும் பாட்டைக் கௌரவிப்பது எளிது. இன்று நம்மை எதிர்த்துப் பாடுகிறவனைப் பொறுத்துக்கொள்வதே அரிது.

இவ்விஷயத்தில் நமது தேசியத் தலைவர்களின் வரலாறும் களங்கமற்றதன்று. 1938-இல் கட்டாய ஹிந்தியை எதிர்த்து இன்னொரு படை அதே திருச்சியிலிருந்து சென்னைக்குப் பாடிக்கொண்டு நடந்தது. அப்போது பிரதம மந்திரி பீடத்தில் இருந்தவர் ராஜாஜி. காங்கிரஸ்காரரை ஒடுக்க அன்னிய சர்க்கார் பயன்படுத்திய கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தையே ஹிந்தி எதிர்ப்பாளர் மீது அவரது மந்திரிசபை பிரயோகித்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், ஆளுங்கட்சி நிகழ்ச்சியில் பாட மறுத்தார் என்பதற்காகக் கிஷோர் குமாரின் பாடல்களை அகில இந்திய வானொலி நிறுத்தியது. காதல் பாட்டும் அன்று ராஜத் துரோகமாயிற்று போலும்!

2015-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி விடியுமுன் நடந்ததை என்னென்பது? மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக, மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் திருச்சியில் கைதானார். அவர் மீது ராஜத் துரோகப் பிரிவாகிய 124-ஏ சுமத்தப்பட்டது. மதுவிலக்கை 1937-இல் சேலத்தில் முதன்முதல் அமுலாக்கியவர் ராஜாஜி. அவர் பாட்டோடு புறப்பட்ட ஊரிலேயே, அவர் செய்த காரியத்தைச் செய்யுங்கள் என்று கேட்ட பாட்டு துரோகமாயிற்று. பாட்டில் முதலமைச்சரைப் பற்றிய சொற்கள் கடுமையானவை என்று வாதிக்கப்படலாம். கடுமைக்கு மறுமொழி உண்டு, மானநஷ்ட வழக்கும் உண்டு. ஆயுள் தண்டனைப் பிரிவு எதற்கு?

அந்தப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு 2022 மே 11-இல் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய பீனல் கோடே போய்விட்டது. எனினும் புதிய சட்டத்தின் 152-ஆவது பிரிவு, தேசத்தின் இறைமைக்கு ஆபத்து விளைவிக்கும் சொல்லையும் எழுத்தையும் தண்டிக்கிறது. ஆயுள் தண்டனை நீங்கலாக, முன்பு மூன்று வருஷமாயிருந்த சிறைவாசம் ஏழு வருஷம் வரை உயர்ந்திருக்கிறது. அரசைக் குறைகூறுவது மட்டும் குற்றமன்று என்னும் விளக்கக் குறிப்பைச் சிலர் காட்டுகிறார்கள். அத்தகைய விளக்கம் 124-ஏ பிரிவிலும் இருந்ததே! அது கோவனின் கதவை யாரும் தட்டாமல் காத்ததா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 30-இல் அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளி நினைவு கொண்டாடுகிறார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் தமிழ்நாட்டு சர்க்கார் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பாட்டு, கூத்து, நாடகம் இவற்றுக்காக 152-ஆவது பிரிவின் கீழ் எவர் மீதும் வழக்குப் பதியலாகாது என்றும், பாடுவோருக்கு மண்டபமோ மைதானமோ கொடுத்தவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து மிரட்டலாகாது என்றும் எல்லா ஜில்லா சூப்பரிண்டெண்டுகளுக்கும் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். பார்லிமெண்டிலுள்ள தமிழ்நாட்டு அங்கத்தினர்கள், கட்சி பேதமின்றி, அப்பிரிவையே நீக்கும் மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.