தாடையும் சந்தையும்

திரவுனர், ஒப்வெகேசர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருவர், கீழ்த்தாடையை வாயினுள்ளிருந்தே பிளந்து சீராக்கும் முறையை 1957இல் வெளியிட்டனர். மெல்ல இயலாது வருந்தியோருக்கு அது விமோசனமாயிற்று.

அந்த விஞ்ஞானத்துக்கு முதலாளித்துவம் அளித்த கதி யாது? சியோல் நகரத்து அழகுச் சிகிச்சை நிலையமொன்று, அறுத்தெடுத்த தாடையெலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கோபுரமாக அடுக்கி விளம்பரஞ் செய்தது; 2014இல் தண்டமும் கட்டிற்று!

பெண்களின் பேதைமையே இதற்குக் காரணம் என்போர் உளர். வேலை விண்ணப்பத்தோடு முகப்படமுங் கேட்டுப் பழகிய சமுதாயத்தில் முகம் விலைப்பண்டமாகாது வேறென்னாகும்? உதடு மரத்துப்போகும் அபாயத்தையும் ஏற்றுப் பலர் கத்திக்கு இணங்குவது வெறும் அழகுக்காகவன்று, பிழைப்புக்காக.

கத்தியைப் பழித்துப் பயனில்லை. உண்ண இயலாத ஏழைக்கு அது கிட்டவேண்டும். முகத்துக்கு விலைபேசும் அமைப்பே நாம் முதலில் நிமிர்த்தவேண்டிய கோணல்.